இன்னும் மெசின் முடிவாகலீங்க

இல்லீங்க, இது போனு இல்லீங்க. எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க. மேட்டுப்பாளையம் ஸ்டேண்டுல டீ குடிக்கறப்ப ஒருத்தரு வாக்கி டாக்கியான்னு கேட்டாரு. போலீஸுன்னு நெனச்சுட்டாங்களாட்ட இருக்குது, டீக்கடைக்காரரு எனக்கு மட்டும் டம்ளரை ரெண்டு வாட்டி கழுவிக் குடுத்தாரு. இது ஜிபிஎஸ் மெசினுங்க. கையில புடிச்சுட்டு நடக்கறது. நீங்க அந்த ஜன்னல் கண்ணாடியைச் சித்த தள்ளுனீங்கன்னா இதுக்கு வானம் தெரியும். ஆங், போதுமுங்க. சாட்டிலைட்டைத் தேடுது, தேடட்டும். மொதத் தடவை போடறப்ப நேரமெடுக்குமுன்னு புஸ்தகத்துலயே எழுதியிருக்கறான். நீங்க கோத்தகிரிக்குங்களா? நான் அதுக்கு முன்னால சோலைமட்டத்துல எறங்கோணும்.

வேலையெல்லாம் இல்லீங்க, மார்கழியோட ரிட்டையர்டு ஆயாச்சு. சோலைமட்டத்துல ஒரு பொட்டி இருக்குது, அதை எடுக்கப் போறேன். அப்படிப் பாக்காதீங்க, திருட்டுப் பொட்டி இல்லீங்க. வெளையாட்டு. ஒருத்தரு ஒரு டப்பாவைப் பாறையிடுக்குலயோ மரப்பொந்துலயோ ஒளிச்சு வெப்பாரு. அந்த எடத்தோட அட்சரேகை, தீர்க்கரேகையை நெட்டுல போட்டு உட்டுருவாரு. மத்தவங்க அந்த நம்பரை வெச்சுத் தேடிப் போயிக் கண்டுபுடிக்கோணும். உள்ள ஒரு துண்டுக் காயிதம் இருக்கும், அதுல பேரை எழுதிப்போட்டு, டப்பாவை இருந்த எடத்துலயே வெச்சுட்டு வந்தரோணும். எடுத்துட்டு வரக்கூடாதாங்கறீங்களா? அதேதான் நானும் கேட்டேன். கண்டுபுடிச்ச பொருளை அங்கயே வெச்சுட்டு வர்றதுக்கு எதுக்குங்க மலை ஏறோணும்? மில்லுல பர்ச்சேஸ் ஆபீசரா இருந்தவனுக்கு இது மண்டைக்குள்ளயே போகல. ஜியோகேச்சிங்குன்னு பேரு. எங்கூட்டுக்காரி அழகா சொல்லுவா, எனக்கு வாயில நொழையாது.

அவ பேரு வசந்தாமணிங்க. எம்பேரு சென்னியப்பன். இந்த வெளையாட்டை அவ ஜெர்மனியிலிருந்து கொண்டாந்தா. எல்லாரும் ஜெர்மனியிலிருந்து சாக்லேட்டு கொண்டாருவாங்க, இவ இதைக் கொண்டாந்தா. மக நிவேதா அங்கதானுங்க இருக்கறா, மொதப் பிரசவத்துக்குத் தொணைக்குப் போனா. மாப்பிள்ளை பச்சைக் கொழந்தையைத் தள்ளுவண்டியில போட்டுக்கிட்டு, மாமியாளையும் கூட்டிக்கிட்டு ஞாயித்துக்கெழமையானா காட்டுக்குள்ள பொட்டி தேடப் போயிருவாராம். இவளுக்குப் புடிச்சுப் போச்சு. இங்க கோயமுத்தூர்ல பக்கத்துத் தெருவுக்கு நடந்து போகச் சொன்னா முட்டி வலிக்குதும்பா, அங்க காடு காடா திரிஞ்சிருக்கறா. போட்டோ அனுப்புவா. தலையில கம்பளிக் குல்லாய், கையில டப்பா, மொகத்துல அப்படியொரு சிரிப்பு. கட்டிக்கிட்டு இத்தனை வருசத்துல அந்தச் சிரிப்பை நான் பாத்ததில்லீங்க.

சும்மா சொல்லக்கூடாது, அவ இல்லாத அந்த மூணு மாசம் எனக்கு ஊடு ஊடாவே இல்லீங்க. மில்லுல இருந்து வந்து லைட்டைப் போட்டா ஊடே என்னைப் பாத்து யாரு நீங்கற மாதிரி இருக்கும். ரசம் வெச்சுக் குடிப்பேன், டிவியைப் போடுவேன், தூங்கிருவேன். அதையெல்லாம் போன்ல சொல்ல முடியுங்களா? சாப்டீங்களாம்பா, சாப்ட்டேம்பேன். இப்ப நிவேதாவுக்கு ரெண்டாவது பிரசவம். வர்ற வாரம் மறுபடி கெளம்பறா. அதனாலதானுங்க இன்னைக்கு நான் இந்தப் பஸ்ஸுல உக்காந்திருக்கறேன். அவ போறதுக்குள்ள அந்தப் பொட்டியை எடுத்தாகோணும்.

இருங்க, முன்னால இருந்து சொல்றேன். நான் ரிட்டையர்டு ஆன மறு வாரமே ஆரம்பிச்சுட்டா. ஃப்ளோரா டீச்சருன்னு ஒரு அம்மா, ஃபிசிக்ஸ் எடுத்தவங்க, எங்க தெருவுலதான் இருக்கறாங்க. அவங்க கார்ல நாலு பொம்பளைங்க ஞாயித்துக்கெழமை கெளம்பிப் பொட்டி தேடப் போறாங்க. இவளும் போறா. இந்த சீசன் பூரா கோத்தகிரிப் பக்கந்தான். "ஏனுங்க, இனி உங்களுக்கு மில்லு இல்லீல்ல, ஒட்டுக்கா போலாம் வாங்க"ன்னா. எதை வெச்சுத் தேடறீங்கன்னு கேட்டேன். போனை வெச்சுன்னா.

போனுங்க. நீங்களே சொல்லுங்க, அது பேசறதுக்குச் செஞ்ச பொருளு. மழை பேஞ்சா நனையும், மலையில டவர் போயிரும், மத்தியானத்துக்குள்ள சார்ஜ் எறங்கிரும், கை தவறிப் பாறையில உழுந்தா கண்ணாடி போச்சு. கருவி இல்லாம காரியத்துல எறங்கக்கூடாதுங்க. நான் சொன்னேன், "மணி, போன் சரிப்படாது. இதுக்குன்னே மெசின் இருக்குது. நான் முறைப்படி பாத்து வாங்கறேன். வாங்குனதும் வரேன்." அதுக்கு அவ, "போனே போதுங்க, நீங்க வாங்க"ன்னா. பொருளே வரல, ஆளு போயி என்ன பண்றது? ஃப்ளோரா டீச்சரு போனை ஆட்டிக்கிட்டு முன்னால போக, நான் தண்ணி பாட்டிலைத் தூக்கிக்கிட்டுப் பின்னால போறதுங்களா?

பர்ச்சேஸுன்னா கடைக்குப் போயிக் கையைக் காட்டிட்டு வர்றதில்லீங்க. மூணு எடத்துல கொட்டேசன் வாங்கோணும். சாம்பிள் வாங்கோணும். சாம்பிளை ஓட்டிப் பாக்கோணும். பேரிங்கா இருந்தாலும் சரி, பாபினா இருந்தாலும் சரி, ஓட்டிப் பாக்காம நான் ஒரு சாமானை மில்லு கேட்டுக்குள்ள உட்டதில்ல. கிராஸ்கட் ரோட்டுல ரியாஸுன்னு ஒரு கடைக்காரரு, நல்ல மனுசன், பொறுமைசாலி. "சார், எங்க போறதுக்கு வேணும்?"னு கேட்டாரு. எங்க போனாலும் தாங்கோணுமுன்னேன். அவரு மொகம் அப்பவே ஒரு மாதிரி ஆச்சு.

மொதல்ல ஒண்ணு குடுத்தாரு. சின்னது, பட்டன் வெச்சது. நல்லாத்தான் இருந்துது. ஆனா அதுல ஒரு குறை. நடந்தாத்தான் திசை காட்டுது, நின்னா காட்டல. நான் மாடியில நிக்கறேன், முள்ளு பாட்டுக்கு எங்கயோ பாத்துட்டு நிக்குது. ரெண்டு எட்டு வெச்சா சரியாகுது, நின்னா மறுபடி கிறுக்குப் புடிக்குது. உள்ள காம்பஸ் இல்லாத மாடலாம். வசந்தாமணி துணி காயப்போட வந்தவ பாத்துட்டு, "நடந்துக்கிட்டே இருந்தாப் போச்சு"ன்னா. அதெப்படிங்க? ஒரு மெசினுக்காக மனுசன் நிக்காம நடக்க முடியுங்களா? திருப்பிக் குடுத்துட்டேன்.

ரெண்டாவது, தொட்டா நகர்ற மாடலு. கலரு, பெரிய படம். தண்ணி போகாதுன்னு அட்டையில போட்டிருந்தான். போட்டிருந்தா ஆச்சுங்களா? ஒரு போசி நெறையத் தண்ணி புடிச்சு உள்ள போட்டு வெச்சேன். அவ வந்து, "அரிசி ஊறப்போட்ட போசியில இது எதுக்குங்க"ன்னா. நான் பாக்கல, அரிசி அடியில இருந்திருக்குது. தண்ணி போகலீங்க, அதுல அவன் சொன்னது நெசந்தான். ஆனா வெளிய எடுத்ததும் மேல நிக்கற தண்ணிச் சொட்டையெல்லாம் வெரலுன்னு நெனச்சுக்கிட்டு மேப்பு தானா ஓட ஆரம்பிச்சிருச்சு. நம்மூரை உட்டுட்டுக் கடலைத் தாண்டி ருமேனியாவுல போயி நின்னுக்கிச்சு. மழையில கோத்தகிரியில நான் நிக்க, மெசின் ருமேனியாவுல நின்னா எப்படிங்க? அதுவும் போச்சு.

மூணாவது எல்லாம் சரி, ஆனா பேட்டரி உள்ளயே வெச்சுத் தெச்சது. தீந்தா வயரை மாட்டோணும். காட்டுக்குள்ள எந்த மரத்துல மாட்டறது? பென்சில் பேட்டரி போடற மாடலா இருந்தா ரெண்டு ஜோடியைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு எங்க வேணா போலாம். இதை நான் சொன்னப்ப ரியாஸு ஒத்துக்கிட்டாரு. அப்பறம் ஒசரம் காட்டறதுக்குக் காத்தோட அழுத்தத்தை அளக்கற சமாச்சாரம் ஒண்ணு இருக்குது, பாரோமீட்டர். டப்பா தேடறதுக்கு அது வேண்டியதில்ல சார்ன்னாரு. மலையில மேடு பள்ளம் இருக்குதுங்களே, அதெப்படி வேண்டாம்பீங்கன்னேன். இப்படியே தை போச்சு, மாசி போச்சு.

இதுல ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் அவ கெளம்பறப்ப வாசல்ல நின்னு கேப்பா, "இன்னைக்கு வர்றீங்களா?" நானும் சொல்லுவேன், "நீ கார்ல முன்னால போ மணி, மாடியில டெஸ்டு திருப்தியா இருந்தா எட்டு மணி பஸ்ஸைப் புடிச்சுப் பின்னாலயே சோலைமட்டத்துக்கு வந்தர்றேன்." டெஸ்டு என்னன்னா, மாடியில சாக்பீஸால ஒரு பெருக்கல் குறி போட்டு வெச்சிருக்கறேன். தெனமும் அதே குறி மேல நின்னு என்ன நம்பர் காட்டுதுன்னு பாப்பேன். தெனமும் ஒரு நம்பரு. நான் நகரலீங்க, ஊடு நகரல, நம்பரு நகருது. ஒரு நாளு பாத்தா நான் பக்கத்து ஊட்டுச் செப்டிக் டேங்கு மேல நிக்கறதாக் காட்டுது. ரியாஸுக்குப் போன் போட்டேன். எல்லா மெசினும் மூணு நாலு மீட்டர் முன்ன பின்ன காட்டும் சார், கிட்டப் போனதுக்கப்பறம் கண்ணாலதான் தேடோணுமுன்னாரு. மூணு மீட்டருங்க. மில்லுல நூலோட தடிமன் ஒரு கவுண்ட் தப்புனா லாரியே திரும்பி வந்துரும். இவரு மூணு மீட்டரைச் சிரிச்சுக்கிட்டே சொல்றாரு. அந்த ஞாயித்துக்கெழமை திருப்தியா இல்ல, போகல. அடுத்த வாரமும் இல்ல.

பங்குனியில அவளே ஒரு பொட்டி வெச்சா. அதுவரைக்கும் அடுத்தவங்க வெச்சதைத் தேடிட்டிருந்தவ, சோலைமட்டத்துல பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால ஏறற சோலைக்குள்ள சொந்தமா ஒண்ணு ஒளிச்சு வெச்சுட்டு வந்துட்டா. வந்து எங்கிட்ட நம்பரைக் குடுத்து, "இதை நீங்கதான் மொதல்ல எடுக்கோணும். எடுக்கற வரைக்கும் நெட்டுல போட மாட்டேன்"ன்னா. இந்த ஆட்டத்துல மொதல்ல எடுக்கறதுக்கு ஒரு மரியாதை இருக்குதுங்க. மொத ஆளு, மொதப் பேரு. அதுக்காக ராத்திரி டார்ச்சு அடிச்சுக்கிட்டுப் போறவங்கெல்லாம் இருக்கறாங்களாம். அப்படியாப்பட்டதை எனக்குன்னு எடுத்து வெச்சிருக்கறா. நான் உடனே புரிஞ்சுக்கிட்டேன். மெசினுக்கு ட்ரயல் பாக்கறதுக்கு இதைவிட நல்ல எடம் கெடைக்காது. வெச்ச எடம் அவளுக்கு நல்லாத் தெரியும், மெசின் எங்க கொண்டு போயி நிறுத்துதுன்னு ஒப்பிட்டுப் பாத்துக்கலாம்.

ஃப்ளோரா டீச்சரு ஒரு நாளு போன் பண்ணுனாங்க. "சார், நீங்க எப்பத்தான் வருவீங்க? இங்க வாரா வாரம் இவங்க..."ன்னு என்னமோ ஆரம்பிச்சாங்க. ஃபிசிக்ஸ் டீச்சராச்சே, கையோட கேட்டுப்புடலாமுன்னு நான் பாரோமீட்டரைப் பத்திக் கேட்டேன். பாவம், பாதி கேக்கறப்பவே, வெச்சுடறேன் சார்ன்னுட்டாங்க. ரிட்டையர்டு ஆயி ரொம்ப நாளாச்சு, பாடமெல்லாம் மறந்திருக்கும்.

போன மாசம் எங்களுக்குள்ள கொஞ்சம் பேச்சாச்சுங்க. சண்டையெல்லாம் இல்ல. தோசை ஊத்திக்கிட்டிருந்தவ கேக்கறா, "உங்க மில்லுல நீங்களா எதையாச்சும் வாங்குவீங்களா?" அதெப்படி, டிபார்ட்மென்டுக்காரங்க இண்டென்ட் போடோணும், இன்னது வேணுமுன்னு எழுதிக் கேக்கோணும், அப்பறந்தான் நான் வாங்குவேன்னேன். "சரி, இந்த மெசினுக்கு யாரு இண்டென்ட் போட்டது?"ன்னா. நீதான்னேன். கரண்டியைக் கீழ வெச்சுட்டு என்னையே பாத்தா. "நான் மெசினாங்க கேட்டேன்?"

இது பர்ச்சேஸ்ல எப்பவும் வர்ற தொந்தரவுதானுங்க. கேக்கறவங்களுக்குத் தனக்கு என்ன வேணுமுன்னு டெக்னிக்கலா சொல்லத் தெரியாது. ஸ்பின்னிங்காரன் வந்து சத்தம் வருதும்பான், அதைக் கேட்டு இவனுக்கு பேரிங் வேணுமுன்னு நாமதான் புரிஞ்சுக்கோணும். வாயில சொல்றதை அப்படியே எடுத்துக்கிட்டா தப்பான சாமான் வந்து நிக்கும். அவ வாங்க வாங்கன்னு சொன்னா, அதுக்குப் பின்னால என்ன தேவைன்னு யோசிச்சு வாங்கறவந்தான் பர்ச்சேஸ் ஆபீசரு. அதை அவளுக்கு எடுத்துச் சொன்னேன். தோசை கருகிப் போச்சுன்னு எந்திரிச்சுப் போயிட்டா. கருகலீங்க, நான் சாப்ட்டேன், நல்லாத்தான் இருந்துது.

அப்பறம் முந்தாநேத்துச் சொல்றா. ஜெர்மனிக்குத் துணி அடுக்கிக்கிட்டே, சூட்கேஸைப் பாத்துக்கிட்டே சொல்றா. "இந்த ஞாயித்துக்கெழமை அந்தச் சோலைமட்டத்துப் பொட்டியை நெட்டுல போட்டர்றேனுங்க. நான் ஊர்ல இல்லாதப்ப சும்மா கெடக்க வேண்டாம், யாராச்சும் எடுத்துக்கட்டும்." கோவமே இல்ல. கோவப்பட்டிருந்தா எனக்குப் பதில் சொல்லத் தெரியுமுங்க, முப்பது வருசம் சப்ளையர்களோட பேசுன வாயி. அவ கொழந்தைச் சட்டையை மடிச்சு வெச்சுக்கிட்டே அப்படிச் சொல்லிட்டா. யாராச்சும் எடுத்துக்கட்டும்ங்கறா. அதெப்படிங்க யாராச்சும் எடுப்பாங்க?

நேத்தே போயி இதை வாங்கிட்டேன். பட்டன் மாடலு, காம்பஸ் உள்ளயே இருக்குது, நின்னாலும் காட்டும். பென்சில் பேட்டரி. பாரோமீட்டரும் இருக்குது. நம்ம நாட்டு சாட்டிலைட்டையும் புடிக்குமாம். சாம்பிள் பாக்கல, தண்ணியில போடல, மாடிக்கே கொண்டு போகல. பில்லைப் போடுங்கன்னேன், ரியாஸு பில்லைப் போடறதுக்கு முன்னால என்னை ஒருக்கா நிமிந்து பாத்தாரு. என் சர்வீஸ்லயே இப்படி ஒரு சாமான் வாங்குனதில்லீங்க.

அவகிட்டச் சொல்லலீங்களான்னா, சொல்லல. இன்னைக்குக் காலையிலயும் வாசல்ல நின்னா. ஆனா வர்றீங்களான்னு கேக்கல, போயிட்டு வரேன்னு மட்டும் சொன்னா. நானும் எப்பவும்போலப் பின்னால வரேன்னேன், அவ தலையை ஆட்டிட்டுப் போயிட்டா. கார் திரும்புனதும் நான் சட்டையை மாட்டிக்கிட்டு எட்டு மணி பஸ்ஸுக்கு ஓடியாந்துட்டேன். அவங்க இந்நேரம் மேல எங்கயாச்சும் தேடிட்டிருப்பாங்க. இவ சாயந்தரம் ஊட்டுக்கு வந்துதான் நெட்டுல போடுவா. அதுக்குள்ள நான் பொட்டியைக் கண்டுபுடிச்சு, பேரை எழுதி, மெசின் காட்டுன நம்பரை ஒரு சீட்டுல குறிச்சு, அவ வர்றப்ப அந்தச் சீட்டை டேபிள் மேல வெச்சிருப்பேன். மலைச்சுப் போயிருவா பாருங்க. மெசின் எத்தனை மீட்டர் தப்புதுன்னும் தெரிஞ்சுரும்.

இன்னுமா சாட்டிலைட் கெடைக்கலீங்கறீங்க? மலை மறைக்குதுங்க. ஒரு பக்கம் பாறை, மேல பஸ்ஸோட தகரம். கையை வெளிய நீட்டுனா கெடைக்கும். என்னுங்க கண்டக்டரு? சரி சரி, நீட்டலீங்க. கையை உள்ள வெச்சுக்கறேன். கோவிச்சுக்காதீங்க.

சோலைமட்டம் வந்துருச்சுங்களா? பேசிக்கிட்டே வந்ததுல தெரியவே இல்ல. கொஞ்சம் காலை நகத்துங்க, பையை எடுத்துக்கறேன்.

ஏனுங்க, அங்க ஸ்டாப்புல சிமெண்டுத் திட்டுல ஒருத்தி உக்காந்திருக்கறா பாருங்க, பச்சை ஸ்வெட்டரு. அது எங்கூட்டுக்காரி மாதிரி இல்ல? மாதிரி என்ன, அவளேதான். இவ எதுக்கு இங்க உக்காந்திருக்கறா? மத்தவங்களைக் காணோம், காரையும் காணோம். முட்டி கிட்டி புடிச்சுக்கிச்சோ என்னமோ.

என்ன சொல்றீங்க கண்டக்டரு? அந்தம்மாவையா? உங்களுக்கு எப்படித் தெரியும்?

கேட்டீங்களாங்க இவரு சொல்றதை. வாரா வாரம் ஞாயித்துக்கெழமை இந்தப் பஸ்ஸுக்கு அவ இங்கதான் உக்காந்திருப்பாளாம். கார்ல வந்து எறங்கிக்கிட்டு மத்தவங்களை முன்னால அனுப்பிருவாளாம். பஸ்ஸு வந்து நின்னா எந்திரிச்சு, எறங்கறவங்களை ஒவ்வொருத்தரா பாப்பாளாம். பஸ்ஸு கெளம்புனதும் சேலையைத் தட்டிக்கிட்டுத் தனியா மேல நடந்து போவாளாம். இவரு ஒருக்கா, யாரும்மா வரோணுமுன்னு கேட்டிருக்கறாரு. "எங்கூட்டுக்காரருங்க. இன்னும் மெசின் முடிவாகலீங்க"ன்னாளாம்.

வாரா வாரமுங்களா? தையிலிருந்துங்களா?

நான் சும்மா வாய் வார்த்தைக்குச் சொன்னேனுங்க, பின்னாலயே வரேன்னு. ஊட்டை உட்டுக் கெளம்பறவங்ககிட்ட ஒரு பேச்சுக்குச் சொல்றதில்லீங்களா. அவ அதை நம்பி இந்தக் குளுருல வந்து உக்காந்திருக்கறா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்களே. இல்ல, சொன்னாளோ என்னமோ. நான் அங்க மாடியில சாக்பீஸ் குறி மேல நின்னுக்கிட்டிருந்தேன், அவ இங்க நின்னுக்கிட்டிருந்திருக்கறா.

எந்திரிச்சுட்டா பாருங்க. முன்னால எறங்கறவங்களைப் பாத்துக்கிட்டிருக்கறா, இன்னும் என்னைப் பாக்கல. கொஞ்சம் வழி உடுங்க, கொஞ்சம் வழி உடுங்க. மெசினுங்களா? அது இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்குது, பைக்குள்ள போட்டுட்டேன். கண்டக்டரு, விசிலடிச்சராதீங்க. ஆளு எறங்கோணும்.